அடிவைக்கும் முன் காது: கினி நாட்டு நடனத்தில் முதல் பாடம்

ஆப்பிரிக்க நடனம் கற்க வருகிறவர்கள் அநேகமாக எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, எந்த அசைவிலிருந்து தொடங்குவது என்பதுதான். அசைவிலிருந்து தொடங்கவே வேண்டாம் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். மேளத்தைக் கேட்டு அதன் துடிப்பைக் காலில் நிறுத்தப் பழகிய பிறகு அசைவுக்குப் போனால் கற்றது நிலைக்கும். தலைகீழாகப் போனால் மேளம் மாறிய நொடியில் கற்றதெல்லாம் கலைந்துவிடும். இதை விளக்குமுன் எல்லை ஒன்றை வகுத்துக்கொள்ள வேண்டும். 54 நாடுகள் கொண்ட கண்டத்துக்குப் பொதுவான நடனம் என்று ஒன்று இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவின் மாசாய் இளைஞர்கள் ஆடும் அடுமுவில் உடலை நிமிர்த்தி நேர் மேலே எம்புவார்கள். எத்தியோப்பியாவின் எஸ்கிஸ்தாவில் வேலையெல்லாம் தோளுக்கும் மார்புக்கும்தான், உட்கார்ந்தபடியேகூட ஆடலாம். முட்டியை மடக்கு, இடுப்பிலிருந்து முன்னால் சாய், பாதத்தை முழுதாக ஊன்று என்று பொதுவிதி எழுதினால் இந்த இரண்டுக்குமே அது பொருந்தாது. கண்டம் முழுவதையும் ஆறு வாரத்தில் கற்றுத்தருவதாகச் சொல்லும் வகுப்பை நம்பிப் போகாதீர்கள். ஒரு நாட்டை, அதிலும் ஒரு மரபை எடுத்துக்கொண்டு தொடங்குவதே ஒழுங்கு. இங்கே நாம் எடுத்துக்கொள்வது மேற்கு ஆப்பிரிக்காவின் கினி.

கினியைத் தேர்ந்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாரிஸில் இருந்த கினிக் கவிஞர் ஃபோதேபா கெய்ட்டா 'லே பாலே ஆஃப்ரிக்கேன்' என்ற குழுவை அமைத்தார். 1958-ல் கினி பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றதும் அது நாட்டின் தேசியக் குழுவானது. அதிபர் செக்கூ தூரே இசையையும் நடனத்தையும் புதிய தேசத்தின் முகமாகவே நடத்தினார். சில ஆண்டுகளில் 'ஜோலிபா' என்ற இன்னொரு தேசியக் குழுவும் வந்தது. (அதே தூரேயின் ஆட்சியில் அமைச்சராக இருந்த ஃபோதேபா, பின்னர் அதே ஆட்சியால் சிறையிடப்பட்டு 1969-ல் கொல்லப்பட்டார் என்பதையும் இந்தக் கலையைப் பயில்கிறவர்கள் அறிந்திருப்பது நல்லது.) 1984-ல் தூரே இறந்து அரசு ஆதரவு மெலிந்தபோது கலைஞர்கள் பலர் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய் வகுப்பு நடத்தத் தொடங்கினார்கள். இன்று உலக நகரங்களில் 'ஆப்பிரிக்க நடனம்' என்ற பெயரில் நடக்கும் வகுப்புகள் பலவற்றின் வேர் இந்தக் குழுக்களில் இருக்கிறது. மாணவர்கள் வரிசையாக நின்று ஒரே அசைவைச் சேர்ந்து ஆடுவது, மேளத்தின் சைகைக்கு எல்லாரும் ஒன்றாக மாறுவது ஆகிய இரண்டும் மேடைக்காகச் செப்பனிடப்பட்ட ஒழுங்கு. கிராமத்தில் ஆட்டம் வட்டத்தில் நடக்கும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில் மேளங்களை இனங்கண்டுகொள்வோம். ஜெம்பே, கிண்ண வடிவில் மரத்தைக் குடைந்து ஆட்டுத்தோல் போர்த்தியது, வெறுங்கையால் அடிப்பது. எல்லார் கண்ணிலும் படுவது இதுதான். ஆனால் ஆட்டத்தைத் தாங்குவது இதன் பின்னால் இருக்கும் டுனுன் என்ற மூன்று உருளை மேளங்கள். சிறியது கென்கெனி, நடுவிலிருப்பது சங்பான், பெரியது டுனுன்பா. மூன்றையும் குச்சியால் அடிப்பார்கள். மலின்கே மக்களின் வழக்கத்தில் ஒரு கை தோலை அடிக்கும்போது மறுகை மேளத்தோடு கட்டிய இரும்பு மணியைத் தட்டிக்கொண்டிருக்கும். கென்கெனி பெரும்பாலும் மாறாத சிறு சொற்கட்டு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லும். சங்பான்தான் ஒரு தாளத்தை இன்ன தாளம் என்று அடையாளம் காட்டுவது. மலின்கே வாத்தியக்காரர்கள் அதையே தாளத்தின் நெஞ்சாகக் கருதுகிறார்கள். டுனுன்பா ஆழத்தைத் தருகிறது. இவற்றின் மேல் துணை ஜெம்பே ஒன்றோ இரண்டோ விடாமல் ஓட, எல்லாவற்றுக்கும் மேலே தலைமை ஜெம்பே தன் விருப்பப்படி பேசும். புதியவர்களின் காது இயல்பாகவே தலைமை ஜெம்பேயைப் பிடித்துக்கொள்ளும். அது உரக்க ஒலிப்பது, வேகமானது, கவர்ச்சியானது. மாறிக்கொண்டே இருப்பதும் அதுதான். அதை நம்பிக் கால்வைத்தால் கால் நிலைகொள்ளாது. காதைக் கீழே இறக்கிக் கென்கெனிக்கும் சங்பானுக்கும் கொண்டுபோவதுதான் முதல் வேலை.

ஆப்பிரிக்கத் தாளம் பிறர் காதுக்கு எட்டாத சிக்கல் என்று மேற்கத்திய எழுத்தில் நெடுநாளாக ஒரு பேச்சு உண்டு. கானாவைச் சேர்ந்த இசையறிஞர் கோஃபி அகாவு அதைக் கடுமையாக மறுத்து எழுதியவர். மேற்கு ஆப்பிரிக்காவில் பரவலாகக் கேட்கும் மணிக்கோலம் ஒன்று உண்டு: 12 சிறு துடிப்புகள், அவற்றில் 7-ல் மட்டும் மணி விழும், இடைவெளிகள் சமமில்லை. தாளில் எழுதிப் பார்த்தால் தலைசுற்றும். அந்தத் தாளத்துக்கு ஆடுகிறவர்களின் பாதத்தைப் பாருங்கள் என்கிறார் அகாவு. பாதம் சீரான 4 அடிதான் வைக்கிறது. மணியின் கோணல் அந்த நேரான நடையின் மேல்தான் பொருள்படுகிறது. நடையை விட்டுவிட்டு மணியை மட்டும் ஆராய்கிறவருக்கு அது புதிராகவே இருக்கும். கானாவில் மேளம் கற்ற அமெரிக்கரான ஜான் செர்னாஃப் 1979-ல் வெளியிட்ட நூலில் வேறொரு கோணத்திலிருந்து இதே இடத்துக்கு வருகிறார். ஒரு இசை புரிகிறதா என்று அங்கே கேட்டால், அதற்குரிய ஆட்டம் தெரிந்தவர்தான் புரிகிறது என்பார் என்கிறார். நமக்குக் கிடைக்கும் பாடம் எளிது. சிக்கலை மேளங்கள் பார்த்துக்கொள்ளும். ஆடுகிறவரின் கடமை அடித்துடிப்பை விடாமல் வைத்திருப்பது. தொடக்கநிலையில் 'அடிப்படை' என்று ஏதாவது இருக்குமானால் அது இதுதான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கினிக் கிராமத்துப் பிள்ளை யாரும் தனியாக உட்கார்ந்து கேட்டுப் பழகவில்லையே, பெரியவர்களைப் பார்த்து ஆடித்தானே கற்கிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பிள்ளை நடக்கத் தொடங்குமுன்பே தாயின் முதுகில் துணியால் கட்டப்பட்டபடி, தாய் ஆடும்போதெல்லாம் அந்தத் துடிப்பை உடம்பால் வாங்கியிருக்கிறது. ஆடத் தொடங்கும் வயதில் அதற்குக் காதுப்பாடம் முடிந்துவிடுகிறது. முப்பது வயதில் வகுப்புக்கு வருகிறவருக்கு அந்த ஆண்டுகள் இல்லை. அவற்றின் சிறு பகுதியையாவது தெரிந்தே ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. மறுப்பில் ஒரு பாதியை ஏற்றுக்கொள்கிறேன்: அசையாமல் உட்கார்ந்து கேட்பதால் பெரிய பயன் இல்லை. நடந்துகொண்டே கேளுங்கள்.

அதற்கான பயிற்சி இது. முழுக் குழுவும் வாசிக்கும் ஒலிப்பதிவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோலிபாவின் மேளக்காரராக இருந்த மமாதி கெய்ட்டா 1989-ல் வெளியிட்ட 'வாசோலோன்', பாலே ஆஃப்ரிக்கேனில் நெடுங்காலம் தலைமை ஜெம்பே வாசித்த ஃபமூது கோனாத்தேயின் பதிவுகள் ஆகியவை நல்ல தொடக்கம். முதல் சில நாட்கள் ஒரே தாளத்தைப் போட்டு அறைக்குள் நடங்கள். ஒவ்வொரு அடித்துடிப்புக்கும் ஒரு காலடி, அவ்வளவே. நடை உறுதியானதும் காதைக் கென்கெனிக்குக் கொண்டுபோங்கள். அது சொல்வதை வாயால் சொல்லிப் பாருங்கள், நடை குலையக்கூடாது. பிறகு சங்பான். பிறகு மணி. வாய் ஒன்றைச் சொல்ல, கால் வேறொன்றைச் செய்ய, இரண்டும் மோதாமல் இருக்கும் நிலை வந்தால் பாதி வழி வந்துவிட்டீர்கள். இடையிடையே தலைமை ஜெம்பே உங்களை இழுக்கும். இழுக்கட்டும், கால் மட்டும் போகக்கூடாது. தினம் கால்மணி நேரம் போதும். இரண்டு மணி நேரம் கேட்டுவிட்டு ஒரு வாரம் விட்டுவிடுவது வீண்.

ஒரே தாளத்தோடு நின்றுவிடாமல் இரண்டு வகை நடையும் காதில் ஏறவேண்டும். ஒவ்வொரு அடித்துடிப்பும் மும்மூன்றாகப் பிரியும் தாளங்கள் உண்டு, நந்நான்காகப் பிரிபவையும் உண்டு. நம் சொல்லில் திஸ்ரம், சதுஸ்ரம். இரண்டையும் ஒரே ஆட்டத்தில் கேட்க வேண்டுமானால் கினிக் கடற்கரையின் சூசூ மக்களுடைய யங்காடி-மக்ருவை எடுத்துக்கொள்ளலாம். இளைஞரும் பெண்களும் எதிரெதிர் வரிசையில் நின்று ஆடும் கூடல் ஆட்டம் இது. யங்காடி மெதுவானது, மூன்றின் நடை. விசில் ஊதியதும் வேகமான மக்ருவாக, நான்கின் நடையாக மாறும். அந்த மாற்றத்தில் உங்கள் கால் எத்தனை நொடி தடுமாறுகிறது என்று கவனித்தால் காது எவ்வளவு தேறியிருக்கிறது என்று தெரிந்துபோகும்.

வகுப்பில் நுழைந்ததும் முதலில் காதில் விழும் சொல் 'பிரேக்'. தலைமை ஜெம்பே திடீரென்று எல்லா ஓட்டத்தையும் வெட்டிக்கொண்டு ஒரு குறிப்பிட்ட சொற்கட்டை வாசிக்கும். ஆட்டம் தொடங்குவதும், அசைவு மாறுவதும், முடிவதும் அதை வைத்துத்தான். கேட்ட மாத்திரத்தில் நடக்கும் அசைவை முடித்து, சொற்கட்டு தீர்ந்ததும் அடுத்ததில் இறங்கவேண்டும். இன்னொரு சைகை, ஆசிரியர்கள் பிரெஞ்சில் 'எஷோஃப்மான்' என்று சொல்லும் சூடேற்றம்: ஜெம்பே விடாது உருண்டு, மற்ற மேளங்களும் அடர்ந்து, காலப்பிரமாணம் ஏறும், உச்சியில் பிரேக் வந்து எல்லாவற்றையும் நிறுத்தும். ஆக மேளம் இங்கே வெறும் பின்னணி இல்லை, ஆடுகிறவர்களை நடத்துவதே அதுதான்.

எண்ணிக்கையால் இதைச் சமாளிக்க முடியாதா என்று கேட்கலாம். ஒன்று முதல் எட்டுவரை எண்ணி ஆடுவது பல நடன வகுப்புகளின் பழக்கம். புதிய அசைவு ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ள அது உதவவும் செய்கிறது. அந்த அளவுக்கு அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் ஒரு அசைவு எத்தனை தடவை திரும்பவரும் என்பது இந்த ஆட்டத்தில் முன்கூட்டி முடிவானதில்லை. நான்கு தடவையில் பிரேக் வரலாம், பன்னிரண்டிலும் வரலாம். கூட்டத்தின் உற்சாகத்தையும் ஆடுகிறவர்களின் நிலையையும் பார்த்து மேளக்காரர் முடிவுசெய்கிறார். எண்ணிக்கொண்டிருப்பவர் தன் கணக்கில் மூழ்கியிருக்கும்போது பிரேக் வந்து போய்விடும். பரதநாட்டியம் பயின்று வருகிறவர்களுக்கு இந்த எச்சரிக்கை கூடுதலாகத் தேவை. தாளஞானம் அவர்களுக்கு நிறையவே இருக்கும். ஆனால் கோர்வை இத்தனை ஆவர்த்தனத்தில் முடியும் என்று முன்பே அமைத்துக்கொண்டு ஆடிய பழக்கம் இங்கே காலை வாரிவிடும்.

மேளக்காரர்களே இல்லாத ஊரில் இருக்கிறோம், காணொளிதான் கதி என்பது அடுத்த மறுப்பு, நியாயமானதும்கூட. காணொளியில் அசைவின் வடிவத்தைக் கற்கலாம். பதிவுசெய்த பாட்டுக்கே பிறந்த ஆட்டங்களுக்கு, கானாவின் அசோந்தோ போன்றவற்றுக்கு, காணொளி ஏறக்குறையப் போதுமானது. ஜெம்பே ஆட்டங்களுக்கு அது போதாது, ஏனென்றால் பதிவில் பிரேக் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில்தான் வரும். இரண்டு வாரத்தில் காது கேட்பதை நிறுத்திவிட்டு நினைவு வேலைசெய்யத் தொடங்கும். இதற்கு மாற்று உண்டு. ஒரே தாளத்தின் வேறுவேறு பதிவுகளை மாற்றி மாற்றிப் போடுங்கள். பதிவை நடுவிலிருந்து ஓடவிடுங்கள். இன்னொருவர் கிடைத்தால் பிரேக்கின் சொற்கட்டை அவர் நினைத்தபோது மேசையில் தட்டட்டும், நீங்கள் மாறுங்கள். அதோடு எப்போதாவது ஒரு பட்டறைக்காவது போய்விடுவது அவசியம்.

காது இவ்வளவு தேறியபின் உடலுக்கு வரலாம். கினி ஆட்டங்களுக்குப் பாதங்கள் இடுப்பளவு விலகி, முட்டிகள் இளகி, உடல் இடுப்பிலிருந்து சற்று முன்னால் சாய்ந்திருக்கும். சாய்வு இடுப்பிலிருந்து வரவேண்டும். முதுகு கூனினால் இரண்டே வகுப்பில் கீழ்முதுகு வலிக்கும். முட்டிகள் முன்னோக்கி, பாதவிரல்களின் திசையிலேயே மடங்கவேண்டும். அரைமண்டியில் பழகியவர்களின் முட்டி தானாகவே பக்கவாட்டில் திறக்கும், உடல் நிமிரும். இரண்டையும் இங்கே விட்டுவிட வேண்டும். உடற்பகுதி ஒரே பலகையாக இல்லாமல் மார்பும் இடுப்பும் தனித்தனியே இயங்கவேண்டும் என்பதைக் கற்றுத்தர ஒரு நல்ல வழியைச் செனகலின் ஜெர்மேன் அகோனி வகுத்திருக்கிறார். 1977-ல் டாக்கரில் தொடங்கிய முத்ரா ஆஃப்ரிக் பள்ளியை நடத்தியவர், பின்பு தூபாப் தியாலாவில் 'எக்கோல் தே சாபிள்' பள்ளியை நிறுவியவர், 2021-ல் வெனிஸ் பியன்னாலேயின் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் பெற்றவர். மார்பைச் சூரியன் என்றும் பிட்டத்தை நிலா என்றும் முதுகெலும்பை உயிர்ப்பாம்பு என்றும் அவர் பெயரிட்டார். மார்பு உதிக்கட்டும் என்றால் உடல் செய்வதை, மார்பை ஆறு அங்குலம் உயர்த்து என்றால் அது செய்வதில்லை. கைவீச்சிலும் இப்படித்தான்: தோளைத் தூக்காமல் முதுகின் நடுவிலிருந்து கையை எறியவேண்டும்.

முதல் ஆட்டமாகக் கூக்குவைப் பரிந்துரைக்கிறேன். கினியின் காட்டுப்பகுதியில் பெய்லா வட்டாரத்தைச் சேர்ந்தது. பெண்கள் மீன்பிடித்துத் திரும்பும்போது ஆடியது, இன்று எந்தக் கொண்டாட்டத்திலும் ஆடப்படுகிறது. நான்கின் நடை, தெளிவான துடிப்பு. ஆசிரியருக்கு ஆசிரியர் அசைவுகள் மாறும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எந்த அசைவானாலும் காலை மட்டும் முதலில் எடுத்து, கை சும்மா தொங்க, மெதுவான வேகத்தில் பிடியுங்கள். கால் பேசிக்கொண்டே செய்யுமளவுக்குப் பழகியபின் கையைச் சேருங்கள், தலை கடைசியில். வெறுங்காலோடு ஆடுவது வழக்கம், ஆனால் கிராமத்து மண்தரையும் மாடிவீட்டுச் சிமென்ட் தரையும் ஒன்றல்ல. சிமென்ட்டிலும் பளிங்கிலும் குதித்தால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலியெடுக்கும். மரத்தரையோ கெட்டியான விரிப்போ இல்லையென்றால் குதிக்கும் அசைவுகளைக் குதிக்காமல் பழகுங்கள், அல்லது மெல்லிய காலணி அணியுங்கள். முட்டிக்காயம் உள்ளவர்கள் முன்கூட்டியே ஆசிரியரிடம் சொல்லிவிட வேண்டும். இந்த நடையில் முட்டிக்கு ஓய்வே இல்லை.

வெளியார் எந்த ஆட்டத்தையும் எடுத்து ஆடலாமா என்ற கேள்வியும் எழும். கூக்குவும் யங்காடியும் கூடிக் களிக்கும் ஆட்டங்கள், தடையில்லை. சோலி விருத்தசேதனச் சடங்கோடு சேர்ந்தது. டுனுன்பா என்ற பெயரிலேயே வழங்கும் ஆட்டம், ஹமனா வட்டாரத்தில் ஆண்கள் வயதுக்குழுக்களாகத் தங்கள் வலிமையைக் காட்டுவது. இவையும் இன்று மேடையிலும் வகுப்பிலும் எல்லாருக்கும் கற்பிக்கப்படுகின்றன. கற்பிப்பவர்கள் அந்த மரபினரே. ஆகவே கற்பதில் குற்றமில்லை, எதற்காக ஆடியது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஆடுவதில்தான் குறை.

வரிசையில் கற்றதெல்லாம் வட்டத்தில்தான் சோதிக்கப்படும். பெரும்பாலான வகுப்புகள் கடைசியில் வட்டமாக நின்று ஒவ்வொருவரையும் நடுவில் வந்து ஆடச்சொல்லும். புதியவர்கள் இதற்கு அஞ்சி ஒதுங்குவார்கள், ஒதுங்காதீர்கள். இங்கே உறவு தலைகீழாகிறது: தனியாக ஆடுகிறவரின் காலைப் பார்த்து மேளக்காரர் வாசிக்கிறார். செனகலின் வோலோஃப் பெண்கள் கூடும் சபாரில் இது இன்னும் கூர்மை. ஒருத்தி வட்டத்துக்குள் பாய்ந்து சில நொடிகளே ஆடிவிட்டு வெளியேறுவாள். அதற்குள் மேளக்காரர் அவளுடைய ஒவ்வொரு அடியையும் ஒரு கையாலும் ஒரு குச்சியாலும் பிடித்துவிடுவார். உங்கள் முறை வரும்போது நிறையச் செய்ய வேண்டாம். துடிப்பைக் காலில் நிறுத்தி, தெரிந்த ஒரே அசைவைத் தெளிவாகச் செய்துவிட்டு வெளியே வாருங்கள். தெளிவான காலுக்கு மேளக்காரர் பதில் சொல்வார். பத்து அசைவுகளை அவசரமாகக் கொட்டினால் எதற்குப் பதில் சொல்வது என்று அவருக்கே தெரியாது. முடிந்ததும் மேளக்காரர்களின் முன்னால் போய் நன்றி தெரிவிப்பது பல வகுப்புகளில் மரியாதை, தவறவிடாதீர்கள்.

வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது மேளம் நேரில் வாசிக்கப்படுகிறதா, டுனுனும் இருக்கிறதா, கற்பிப்பவர் ஆட்டத்தின் பெயரையும் ஊரையும் சொல்கிறாரா என்ற மூன்றையும் கேளுங்கள். மேளக்காரர்களுக்கும் கூலி தரவேண்டியிருப்பதால் அப்படிப்பட்ட வகுப்புக்குக் கட்டணம் கூடுதலாகத்தான் இருக்கும். கையிருப்புக் குறைவென்றால், ஒலிப்பெட்டி வைத்து நடக்கும் வாராந்திர வகுப்பை விட்டுவிட்டு, மேளம் ஒலிக்கும் வகுப்புக்கு மாதம் ஒருமுறை போங்கள்.